பரப்பு: மணல்

கடைக்காரர் முதலில் காட்டியது
நாலு பக்கமும் பேசுகிற கம்பி.
விலை குறைவு, பார்க்கவும் சாது.
கல்யாண மண்டபத்துக்கு ஆகும் என்றேன்.
எனக்கு வேண்டியது முப்பத்துநாலு கிலோமீட்டர்,
காட்பாடிக்கு மேற்கே ஒரு மொட்டைமாடியிலிருந்து
ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை வரைக்கும்,
அங்கே ஒரே ஒரு நர்ஸிடம் பேசுவதற்கு.

டிஷ் எதையும் கூட்டித் தராது.
ரேடியோ கொடுக்கிற அதே அரைக்கால் வாட்டை
வேலூருக்கு இல்லை, குடியாத்தத்துக்கு இல்லை,
மேலே சுற்றுகிற பருந்துக்கும் இல்லை என்று
மிச்சம் பிடித்து
ஒரு திசைக்கு மட்டும் அனுப்பும்.
கஞ்சத்தனம்தான்.
கெயின் என்று அட்டையில் போட்டிருக்கும்.

வலைக்கம்பி டிஷ் காற்றை வழியவிடும்,
ஆனால் குரங்கு தொங்கும் என்றான் நவாப்ஜான்.
மூடிய தட்டில் நாலடி எடுத்தால் காற்று பிடிக்கும்,
காற்று பிடித்தால் கம்பம் தடிக்கணும்,
கம்பம் தடித்தால் மாடி வீட்டுக்காரர் முகம் சுருங்கும்.
மூன்றடி எடுத்தோம்.

கண்ணுக்குத் தெரிகிற நேர்கோடு போதாது,
அலைக்கு உடம்பு உண்டு.
இரண்டு முனையிலும் காம்பாய்ச் சிறுத்து
நடுவயிறு நாற்பது மீட்டர் பருத்த வெள்ளரிக்காய் ஒன்று
பள்ளிகொண்டாவுக்கு அப்பால் வயல்களுக்கு மேலே
தொங்கப்போகிறது, யாருக்கும் தெரியாமல்.
ஒரு பனையும் அதில் முட்டக் கூடாது.
மூன்று நாள் பைக்கில் அலைந்து
படிவத்தில் எழுதினேன்:
தடை: இல்லை.
பரப்பு: மணல்.

பாலாறு என்று எழுதத் தோன்றவில்லை.
எட்டு வருஷமாய் அதில் பார்த்தது
லாரித் தடமும் கிரிக்கெட் ஸ்டம்பும்.

திசை பிடித்த அன்று
மலையில் சடையன் முகம்பார்க்கிற கண்ணாடியை வெயிலில் ஆட்டினான்.
நீலத்தில் ஒரு ஊசிமுனை மினுங்கியது.
அதை நோக்கித் திருப்பினோம்.
மைனஸ் எழுபத்தாறில் நின்றது எண்.
போதும் பாய், வெயில் கொல்லுது என்றான் நவாப்ஜான்.
எனக்குச் சந்தேகம், இன்னும் ஒரு இழை திருப்பினேன்.
எண் செத்துவிழுந்தது. அவன் திட்டினான்.
மேலும் ஒரு இழை.
ஐம்பத்தெட்டு.
முதலில் பிடித்தது டிஷ்ஷின் காதோரம்,
இதுதான் முகம்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை.
நவம்பரில் மழை விட்ட இரண்டாம் நாள்
ஜெமிமா போனில் கத்தினாள்:
எட்டு மாசக்காரி மேஜையில் படுத்திருக்கிறாள்,
ஸ்கேன் படம் பாதி போய் நிற்கிறது,
வேலூர் டாக்டர் மீதி எங்கே என்கிறார்.

மைனஸ் எழுபத்தெட்டு. எண்பது. எழுபத்தொன்று. எண்பது.
கேபிளில் தண்ணீர் என்று கழற்றினோம், காய்ந்திருந்தது.
அடாப்டரை மாற்றினோம்.
வானம் கழுவிய தட்டு மாதிரி, மலை கைக்கெட்டும் தூரத்தில்.
தெருவெல்லாம் காலி.
எங்கேடா ஜனம் என்று நவாப்ஜான் தெற்கே திரும்பினான்.
ஜனம் முழுக்கக் கரையில்.
கற்பூரம், தேங்காய், வேட்டு,
இடுப்பில் பிள்ளையும் கையில் செல்போனுமாய்.
கரைக்குக் கரை தொட்டுக்கொண்டு
ஆறு.

காலைவெயில் அதில் பட்டு
எங்கள் கண்ணில் அடித்தது.
சடையன் கண்ணாடி மாதிரி இருக்கு பாய் என்றான்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.
வெயில் வருகிற வழியில் அலையும் வரும்.
நேரே வருவது ஒன்று, தண்ணீரில் பட்டு வருவது ஒன்று.
இரண்டும் ஒரே சொல்தான்,
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி
ஒன்றையொன்று விழுங்குகின்றன.
நாலடி எடுத்திருந்தால் பாதி தப்பித்திருக்கலாம்.

கிளாம்ப்பைத் தளர்த்தி
இரண்டரை அடி கீழே இறக்கி
மூக்கை ஒரு நூல் நிமிர்த்தினோம்.
ஐம்பத்தொன்பது.
படத்தின் மறுபாதி போனது.
குழந்தை குறுக்கே கிடக்கிறதாம்,
ஜீப் கிளம்பிவிட்டதாம்.
நவாப்ஜான் ஸ்பேனரைப் பையில் போடாமலே
ஆற்றைப் பார்க்க ஓடிவிட்டான்.

பொங்கலுக்குள் தண்ணீர் போய்விட்டது.
லாரிகள் திரும்பின.
டிஷ்ஷைப் பழைய இடத்துக்கு ஏற்றிடலாமா,
ஒரு டெசிபல் கிடைக்குமே என்று கேட்டான்.
படிவத்தை எடுத்து
மணலை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டிருந்தேன்,
பேனா சரியாக எழுதவில்லை.